மெட்ஜுகோரியே: காட்சியும் காவல்துறையும்

கன்னி மரியாளின் காட்சி என்றவுடன் லூர்தும் பாத்திமாவுமே பலருக்கும் நினைவுக்கு வரும். பொதுவுடைமை ஆட்சியின் கீழ் அத்தகைய காட்சியைக் கண்டதாகச் சிலர் சொன்னபோது நேர்ந்ததை அறிய, அன்றைய யூகோஸ்லாவியாவின் மெட்ஜுகோரியே என்னும் சிற்றூருக்குச் செல்ல வேண்டும்.

டிட்டோ மறைந்த மறு ஆண்டு, 1981 ஜூன் 24 அன்று, அவ்வூரையடுத்த கற்குன்றில் மாதாவைக் கண்டதாகச் சில இளையோர் கூறினர். தொடர்ந்து கண்டதாகச் சொன்னவர்கள் அறுவர். வயது 10 முதல் 16 வரை. சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

யூகோஸ்லாவியா சோவியத் நாட்டைப் போன்றதன்று. 1970 முதல் வத்திக்கானுடன் முழுத் தூதரக உறவு கொண்டிருந்தது. ஆலயத்துக்குள் வழிபடலாம், வெளியே கூடுவதுதான் குற்றம். குன்றோ வெளியே இருந்தது! காவல்துறை அச்சிறார்களை விசாரித்தது; மனநோயா என்று பார்க்க மருத்துவரிடம் கொண்டு சென்றது. பின்னர் குன்றேறத் தடை விதித்தது. கூட்டம் புனித யாக்கோபு ஆலயத்துக்குள் சென்றுவிட்டது. 1969இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயம் ஊரின் அளவுக்கு மிகப் பெரியது. தடை விதித்தவர்களே கூட்டத்தைச் சட்டம் அனுமதித்த இடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பங்குத்தந்தை யோசோ சோவ்கோ தொடக்கத்தில் சிறாரின் சொல்லை ஐயுற்றவர், பின்னர் நம்பினார். அவர் ஆகஸ்டில் கைதானார். இஸ்ரவேலர் பாலைவனத்தில் அலைந்த 40 ஆண்டுகளைப் பற்றிய அவரது மறையுரை, பொதுவுடைமை ஆட்சியையே மறைமுகமாகச் சாடியது என்பது குற்றச்சாட்டு. மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 1983இல் விடுதலையானார்.

இந்நிகழ்ச்சி உஸ்தாஷாக்களின் சதி என்றது அரசு. அந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அதே பங்கைச் சேர்ந்த சுர்மான்சியில் 1941 ஆகஸ்டில் உஸ்தாஷாக்கள் செர்பியப் பெண்களையும் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் பாழ்குழியில் தள்ளிக் கொன்றார்கள். 1945இல் சிரோக்கி பிரியெக் மடத்துத் துறவிகளைப் பார்ட்டிசான்கள் கொன்றார்கள். இரு தரப்பிலும் புண் ஆறவில்லை. ஆனால் பழைய கொலைக்குப் பத்து வயதுச் சிறுவன் எப்படிப் பொறுப்பாவான்?

திருச்சபையும் உடனே தலையாட்டிவிடவில்லை. முதலில் சிறாருக்கு ஆதரவாகப் பேசிய மோஸ்தார் ஆயர் பாவாவோ ஜானிச், பின்னர் கடுமையாக எதிர்த்தார். பங்குகளின் உரிமை குறித்து ஆயருக்கும் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கும் நெடுநாள் வழக்கு இருந்தது. அதில் துறவிகளின் பக்கம் மாதா பேசியதாகச் செய்தி வந்தது அவர் ஐயத்தை வளர்த்தது. ஆயரின் மறுப்புக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றுக்கு மறுமொழி சொல்லவும் முடிந்தது. காவல்துறைக்கு எவரும் மறுமொழி சொல்ல முடியவில்லை.

அறிவியல் மாணவர்க்குச் சுவையான பகுதி ஒன்றுண்டு. 1984இல் பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி ஜுவாயே தலைமையில் ஒரு குழு, காட்சி நேரத்தில் அவர்களது மூளை மின்னலைகளைப் பதிவு செய்தது. அது உறக்கமன்று, வலிப்புமன்று என்று தெரிந்தது. அவர்கள் எதைக் கண்டார்கள் என்பதைக் கருவி சொல்லவில்லை, சொல்லவும் இயலாது.

1980களின் பிற்பகுதியில் அரசின் பிடி தளர்ந்தது. கடனில் மூழ்கிய நாட்டுக்கு வெளிநாட்டுப் பயணிகளின் பணம் தேவைப்பட்டது. இயற்கை கடந்த நிகழ்ச்சி என்று உறுதிசெய்ய இயலவில்லை என 1991 ஏப்ரலில் யூகோஸ்லாவிய ஆயர்கள் அறிவித்தனர். 2024 செப்டம்பர் 19இல் வத்திக்கான் அங்கு வழிபடத் தடையில்லை என்றது. காட்சி உண்மையா என்பதில் அப்போதும் தீர்ப்பு வழங்கவில்லை.