வேலைக்கு வருபவரிடம் எதைக் கேட்கலாம்?

மேற்படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் அமெரிக்கா செல்ல எண்ணும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர். அங்கே வேலையில் சேருகிறவர் கைக்கு வரும் படிவம் ஒன்றைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம். அதன் பெயர் ஐ-9.

1986-ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. வேலை செய்ய அனுமதியற்றவர் என்று தெரிந்தே ஒருவரை அமர்த்தும் முதலாளிக்கு அபராதம் என்பது அதன் சாரம். ஆகவே புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும், அந்நாட்டுக் குடிமகனே ஆயினும், அத்தாட்சி பார்த்தாக வேண்டும். நோக்கம் தெளிவு, விளைவோ வேறு. அபராதத்துக்கு அஞ்சிய முதலாளிகளிற் சிலர், பெயரும் நிறமும் பேச்சும் அயலாய்த் தோன்றியவரிடம் மட்டும் இன்னும் ஒரு காகிதம் கேட்கலாயினர். சிலர் அத்தகையோரைச் சேர்ப்பதையே விட்டனர். காங்கிரஸின் தணிக்கை அலுவலகமே 1990-இல் ஆய்ந்து, இச்சட்டத்தால் பாகுபாடு பரவலாக விளைந்தது என்று அறிக்கை தந்தது.

இத்தனைக்கும், பிறந்த நாட்டையோ குடியுரிமையையோ காட்டி வேலை மறுக்கலாகாது என்ற தடை 1986 சட்டத்திலேயே இருந்தது. படிவத்துக்குப் போதுமான பத்திரம் இருக்க, மேலும் கேட்பதும் வேறு கேட்பதும் தவறு என்று 1990-இல் சேர்த்தார்கள். பாகுபாட்டு எண்ணத்தோடு கேட்டிருந்தால்தான் குற்றம் என்று 1996-இல் திருத்தினார்கள். இது பின்னடைவு என்பதே என் கருத்து. எண்ணத்தை அளக்கும் கருவி எந்தச் சோதனைச்சாலையில் இருக்கிறது?

முறை எளியது. எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பவர் வேலைக்கு வருபவரே. அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ கிரீன் கார்டோ ஒன்று போதும். அல்லது ஆளை அடையாளம் காட்ட டிரைவிங் லைசென்ஸ், உரிமையைக் காட்ட நிபந்தனையற்ற சோஷியல் செக்யூரிட்டி அட்டை என இரண்டு. இவ்விரண்டையும் நீட்டும் நிரந்தரவாசியிடம், "கிரீன் கார்டு எங்கே?" என்று கேட்கக் கூடாது. பக்கத்தில் நிற்கும் குடிமகனிடம் பாஸ்போர்ட் கேட்டாரா? இல்லையே! ஏற்றுக்கொண்ட கிரீன் கார்டு பின்னாளில் காலாவதியானாலும் மறுபடி காட்டச் சொல்லலாகாது. காலவரையுள்ள வேலை அனுமதி பெற்றவர் நிலை வேறு. தவணை முடிந்தால் அவர் புதிய அத்தாட்சி காட்டியே தீரவேண்டும்.

நம்மவருக்கு இன்னொரு தொல்லை, பெயர். தந்தை பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் அப்படிவத்துக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே உள்ளவர் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, முதற்பெயர்க் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுத வேண்டுமாம்! சிரித்துக்கொண்டே எழுதுங்கள், ஆனால் பத்திரங்களில் பெயரை இங்கிருக்கும்போதே ஒன்றுபடுத்திக்கொள்ளுங்கள்.

பாகுபாடு நேர்ந்தால் 180 நாட்களுக்குள் அமெரிக்க நீதித்துறையிடம் முறையிடலாம்.