நூலும் உரையும்: சி மொழி நிரல்களின் குறிப்புரை நெறிக்கு நன்னூல் தரும் அளவுகோல்கள்

முன்னுரை

கணினி நிரலில் மனிதர் படிப்பதற்கென்றே எழுதப்படும் விளக்கப் பகுதியைத் தமிழில் கணினியியல் கற்பிப்போர் குறிப்புரை என வழங்குவர். டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய சி மொழியில், சாய்கோடும் உடுக்குறியும் இணைந்த இரு குறிகளுக்கிடையே இது அமையும். இரட்டைச் சாய்கோட்டால் தொடங்கும் ஒருவரிக் குறிப்புரையை 1999ஆம் ஆண்டுத் தரநிலை ஏற்றுக்கொண்டது. நிரல்பெயர்ப்பி குறிப்புரை ஒவ்வொன்றையும் ஓர் இடைவெளியாகவே கொள்கிறது. எனவே குறிப்புரை பிழைபட்டாலும் நிரல் தடையின்றி இயங்கும். அப்பிழையால் இடர்ப்படுவோர் நிரலைப் படிப்போரே. எந்திரத்தின் சோதனைக்கு உட்படாத இப்பகுதிக்கு நன்னூற் பாயிரம் அளவுகோலாகும் என்பதையும், அவ்வளவுகோல் எவ்விடத்தில் போதாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காண்டிகையும் விருத்தியும்

பவணந்தி முனிவர் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாகப் பகுக்கிறார். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றாலும், அவற்றோடு வினா விடை சேர்த்தும் நூற்பாவின் பொருளை விளக்குவது காண்டிகை. நூற்பாவில் வெளிப்படையாக இல்லாத இன்றியமையாச் செய்திகளையும் கொணர்ந்து ஐயம் அகற்றுவது விருத்தி.

நிரலின் குறிப்புரை அளவால் காண்டிகையை ஒத்தது. பணியால் விருத்தியைச் சார்ந்தது. நிரல் என்ன செய்கிறது என்பதை நிரல்வரியே கூறிவிடும். ஏன் அவ்வாறு செய்கிறது என்பது வரியில் இராது. அதனைச் சுருங்கச் சொல்வதே குறிப்புரையின் கடன். லினக்சு கருவகத்தின் நிரல்நடை ஆவணமும் இதற்கு அணித்தான நெறியையே வகுக்கிறது. செயற்கூறு எவ்வாறு இயங்குகிறது என்று விளக்க முற்படாமல், அது செய்வதை அதன் தலைப்பில் குறிக்குமாறு அது பணிக்கிறது. திருக்குறள் அதிகாரம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அதிகாரப் பொருளையும் அது அவ்விடத்தில் வைக்கப்பட்ட முறைமையையும் பரிமேலழகர் கூறிச் செல்வது இவ்வகைத் தலைப்புரைக்கு நல்ல முன்மாதிரியாகும்.

குற்றங்களின் பொருத்தம்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்கள் நூலுக்குரியவை. எனினும் அவற்றுள் சில குறிப்புரைக்கும் நிரல்நடைக்கும் நேரே பொருந்துகின்றன. பேரையூர் வட்டத்தின் நாள் மழையளவைத் தொகுக்கும் நிரல் ஒன்றைச் சான்றுக்காகப் புனைந்துகொள்ளலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முறைப்படி, ஒரு நாளின் மழையளவு முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை பெய்ததாகும். நள்ளிரவிலிருந்து எண்ணினால் 8.30 மணி என்பது 510ஆம் நிமிடம். அந்நிமிடத்திற்குப் பின் பெய்த மழையை நிரல் மறுநாள் கணக்கில் சேர்க்கிறது. அவ்வரிக்கு இருவகையாக உரை எழுதலாம்:

/* நிமிடம் 510ஐக் கடந்தால் நாளுடன் 1 கூட்டுக */

/* மழைநாள் காலை 8.30க்கு முடியும், பின்னர்ப் பெய்வது மறுநாள் அளவீட்டைச் சேரும் */

முன்னது கூறியது கூறல். பின்னது நிரலில் இல்லாத காரணத்தைத் தருகிறது. அக்காரணம் எழுதப்படாவிடின் அது குன்றக் கூறல். பின்னர் வரும் நிரலர், நாள் நள்ளிரவில் முடியும் என்னும் பொதுவழக்கை எண்ணி அவ்வரியைப் பிழையெனக் கருதி நீக்கக்கூடும். நீக்கினால், அக்டோபர் 31 இரவில் பெய்த மழை நவம்பர் கணக்கில் சேராது. வடகிழக்குப் பருவமழையின் மாதத் தொகைகளே பிறழும்.

510 என்னும் எண்ணைப் பெயரின்றி நிரலிடையே விடுவது மயங்க வைத்தல். ‘மழைநாள் முடிவு’ எனப் பொருள்படும் பெயரை மாறிலிக்கு இட்டால் குறிப்புரையின் தேவையே குறையும். உள்தள்ளலும் மயக்கம் தரக்கூடும். சி மொழியில் வரியின் உள்தள்ளல் நிரலின் பொருளை மாற்றாது. படிப்பவர் கண்ணோ அதனையே நம்பும். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் திருத்திய பாதுகாப்புப் பிழை இதற்குச் சான்று. தாவல் கட்டளை ஒன்று இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி உள்தள்ளலால் நிபந்தனைக்கு உட்பட்டதுபோல் தோன்றினும், அடைப்புக்குறி இன்மையால் எப்போதும் இயங்கியது. அதனால் இணையத் தொடர்பின் சான்றொப்பச் சரிபார்ப்பு விடுபட்டது.

மரபு போதாத இடம்

மாறுகொளக் கூறல் என்னும் குற்றத்தில்தான் இரு துறைகளும் பிரிகின்றன. உரையாசிரியர் முன் இருந்த மூலம் நிலைபெற்றது. ஆகவே உரை மூலத்திற்குக் காவலாகவும் நின்றது. உ.வே.சாமிநாதையர் 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பாடம் துணிய அவ்வுரை துணையாயிற்று.

நிரலோ நாள்தோறும் திருத்தப்படுவது. மேற்கண்ட நிரலின் நேரக்கணக்கு உலகப் பொதுநேரத்திற்கு மாற்றப்பட்டால், 510 என்பது 180 ஆகும். குறிப்புரையில் 8.30 அவ்வாறே நின்றால், படிப்பவர் எதனை நம்புவார்? எந்திரம் நிரலையே பின்பற்றும். மனிதரோ உரையை நம்பிப் பிறிதொரு பிழையைச் செய்வர். நிரல்வரியை மீண்டும் கூறும் குறிப்புரையே இவ்வாறு விரைவில் பொய்யாகிறது. நேரம் எவ்வாறு குறிக்கப்பட்டாலும் மழைநாளின் வரையறை மாறாதாகலின், காரணம் கூறும் குறிப்புரை நெடிது நிற்கிறது. ‘இந்திய நேரப்படி’ என்னும் ஒரு தொடரைச் சேர்த்திருந்தால் மேற்கண்ட உரையும் பிழைத்திருக்கும்.

முடிவுரை

மிகாமை, குன்றாமை, மயங்காமை ஆகியவற்றை வலியுறுத்தும் நன்னூல் நெறி, சி மொழி நிரலருக்கும் உரியது. அதனோடு புதிய விதி ஒன்றும் சேரவேண்டும்: மூலத்தைத் திருத்துவோரே அப்போதே உரையையும் திருத்துதல் வேண்டும். பழைய உரையாசிரியர்க்கு இவ்விதி தேவைப்படவில்லை. மூலத்தைத் திருத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. நிரலருக்கு அவ்வுரிமை உண்டு. ஆதலின் இக்கடமையும் உண்டு.