முதியோரை நலம் விசாரித்தல்

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. விசாரித்து, துஆச் செய்து, தேநீர் அருந்தித் திரும்பிவிட்டால் அது நிறைவேறிவிடுமா?

கேரளத்தின் மலப்புறம் மாவட்டக் கிராமங்களைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிக்கும் சிகிச்சையாகத் தொடங்கிய பணி, பின்னர் இங்கே ஊராரின் கைக்கு வந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரின் வீட்டுக்கு நர்ஸும் ஊர்த் தொண்டர்களும் செல்கின்றனர். நர்ஸ் படுக்கைப் புண்ணுக்கு மருந்திடுவார். தொண்டரோ வீட்டில் அரிசி இருக்கிறதா, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பார். மருந்து ஒருவர் பொறுப்பு, பசி வேறொருவர் பொறுப்பு என்று பிரித்துவிட்டால் பெரியவர் வெறும் வயிற்றில் அல்லவா மாத்திரை விழுங்குவார்? 2008-ல் கேரள அரசு இச்சேவையைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

ஒளுச் செய்யக் கைத்தாங்கல் இல்லாமையால் தொழுகையை விட்டுவிட்டுக் கண்கலங்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். தண்ணீர் ஆகாத நோயாளிக்குத் தயம்மும் உண்டு. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டுமே!

ஜும்ஆ முடிந்ததும் மஹல்லாவில் இருவர் புறப்படட்டும். மாத்திரை தீர்ந்ததா, சாப்பாடு யார் தருகிறார், ஒளுவுக்குத் துணை யார் என்ற மூன்றையும் ஒருசேரக் கேட்டு வரட்டும். வயதான உம்மாமார்களிடம் பெண்களே செல்லட்டும்.