பழுது பார்க்கும் உரிமை

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அதற்கு உடையவனாகின்றான் என்பது உலகத்தார் யாவரும் ஒப்பிய வழக்கு. உடையவன் என்னுஞ் சொல்லில், அப்பொருளைப் பயன்படுத்தலும், பிறர்க்கு ஈதலும், விற்றலும், கெட்டவிடத்துத் திருத்திக்கொள்ளலும் அடங்கும். அச்சு முறிந்த வண்டிக்காரன் அண்மையிலுள்ள தச்சனிடம் செல்வானேயன்றி, வண்டியை முதலிற் செய்த தச்சனைத் தேடி ஊரூராய் அலையான். முற்காலத்து வால்வு ரேடியோப் பெட்டிகள் பலவற்றின் உட்புறத்தே அவற்றின் மின்சுற்றுப் படம் ஒட்டப்பட்டிருந்ததை நம் பழைய மாணவருள் மூத்தோர் கண்டிருப்பர். பெட்டி என்றேனும் பழுதுபடும், எவரேனும் அதனைத் திறப்பர் என்று செய்தவரே எதிர்நோக்கியிருந்தனர் என்பதற்கு அப்படம் சான்றாகும்.

இக்காலத்தே அவ்வழக்குத் தளர்ந்து வருகின்றது. புதுவகைத் திருகாணிகளாலும் பசையாலும் கருவியைத் திறத்தற்கு அரிதாக்குதல் ஒன்று. அதனைக் கைத்திறனுடையார் எளிதில் வென்றுவிடுவர். அதனினும் வலிய தடை மென்பொருளால் இடப்படுவது. கருவியின் உறுப்புகளுக்குத் தனித்தனி எண் தந்து, அவ்வெண்களைத் தாய்ப்பலகையோடு பிணைத்து வைக்கின்றனர். பழுதுற்ற உறுப்பை நீக்கி வேறொன்றைப் பொருத்தினால், கருவி அதன் எண்ணைக் கண்டு ஐயுறும், எச்சரிக்கை காட்டும், சிலபோது தன் செயலொன்றை நிறுத்தியும் விடும். புதிய உறுப்பு அதே கம்பெனியார் செய்ததாயினும், அதே வகைக் கருவியொன்றிலிருந்து கழற்றியதாயினும், கம்பெனியாரின் மென்பொருள் இசைவு தந்தாலன்றி அது அயலானே.

2021-ஆம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனியார் வெளியிட்ட ஐபோன் 13 இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் திரை உடைந்து தனிக்கடைக்காரர் மாற்றினால், உடையவன் முகத்தைக் கண்டு பூட்டுத் திறக்கும் வசதி நின்றுபோயிற்று. பழைய திரையிலுள்ள சிறு சில்லொன்றைப் பெருக்காடியின் கீழ்வைத்துப் பெயர்த்துப் புதிய திரையிற் பற்றவைத்தாலன்றி வேறு வழியில்லை எனப் பழுது பார்ப்போர் கண்டனர். கண்டனம் மிகவே, கம்பெனியார் மென்பொருளைத் திருத்தி அத்தடையை நீக்கினர். ஒரு மென்பொருட் திருத்தத்தால் நீங்கிய தடை, பொருளின் இயல்பால் வந்த தடையன்று என்பதை மாணவ நண்பர்கள் கருத வேண்டும்.

கைப்பேசி உடைந்தால் சில நாள் இன்னற்படுவோம். சிலர்க்கு அது நன்மையுமாகலாம். ஆயின் விளைந்த பயிர் காத்திராது. ஆதலின் இவ்விவகாரம் முழு உருவில் வெளிப்பட்டது அமெரிக்க நாட்டு உழவரிடத்தேயாம்.

அந்நாட்டு டிராக்டர்களும் அறுவடை யந்திரங்களும் இன்று பல கணிப்பொறிகளைத் தம்முட்கொண்டவை. உணர்கருவியொன்று பிழை காட்டினால் யந்திரம் தன் வலிவைத் தானே குறைத்துக்கொள்வதுண்டு. பிழையை முற்றும் ஆராய்தற்கும், புதிய உறுப்புக்கு இசைவு தருதற்கும் வேண்டிய முழு மென்பொருள் கம்பெனியின் முகவரிடத்தே உளது. உழவன் தானே பற்றவைக்கவும் கழற்றவும் வல்லவனாயினும், முகவரின் ஆள் வருமளவும் வயலோரத்தே நிற்க நேர்கின்றது.

பூட்டை அவனே உடைத்தாலென்ன என்று வினவலாம். 1998-இல் அந்நாட்டார் இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கின்றது. திரைப்படங்களையும் இசைத்தட்டுகளையும் திருட்டுப் பிரதி எடுப்போரைத் தடுத்தற்கெழுந்த அச்சட்டம், மென்பொருட் பூட்டைத் திறத்தலையே குற்றமாக்கிற்று. டிராக்டருக்குள்ளும் மென்பொருள் இருத்தலின் அஃது ஆங்கும் பாய்ந்தது. 2015-இல் ஜான் டீர் கம்பெனியார் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிய மறுப்பில், யந்திரத்தை வாங்கியவர் அதனை அதன் ஆயுட்காலம் முழுதும் இயக்குதற்கு உட்கிடையான அனுமதி பெறுகின்றார் என்னும் பொருள்பட வாதித்தனர். பெருந்தொகை கொடுத்து வாங்கிய பொருளுக்கு உழவன் உடையவனல்லன், அனுமதி பெற்றவனே என்பதாயிற்று! அவ்வாண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்ற நூலகர், நிலத்தில் ஓடும் யந்திரங்களை உடையவர் பழுது பார்த்தற்பொருட்டுப் பூட்டைத் திறக்கலாமென விலக்களித்தார். 2018-இல் அவ்விலக்கு, உடையவர் பொருட்டுப் பணிசெய்யும் பிறர்க்கும் நீண்டது. எனினும் பூட்டைத் திறக்குங் கருவியைச் செய்து விற்றலைத் தடுக்கும் விதியை மாற்றும் அதிகாரம் நூலகர்க்கு இல்லை. திறக்க உரிமையுண்டு, திறவுகோல் விற்பார் இல்லை என்னும் விந்தை நிலை இதனால் விளைந்தது.

2023 ஜனவரியில் ஜான் டீர் கம்பெனியாரும் அமெரிக்க உழவர் சம்மேளனத்தாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். கையேடுகளும் கருவிகளும் கிடைக்குமாறு செய்வோமெனக் கம்பெனியார் கூறினர்; பழுது பார்க்கும் உரிமைக்கான சட்டங்களை ஆதரியோமெனச் சம்மேளனத்தார் ஒப்பினர். பெற்றதினும் கொடுத்தது பெரிதென்பதே நம் அபிப்பிராயம். கொலராடோ மாநிலத்தார் அவ்வுடன்படிக்கையோடு அமையாது, வேளாண் யந்திரங்களைப் பற்றிய சட்டத்தை அவ்வாண்டிலேயே இயற்றினர். 2024 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணையத்தார் அக்கம்பெனியின்மேல் வழக்கும் தொடுத்தனர்.

அதே கொலராடோவில், உழவர்க்கு முன்னரே 2022-இல், மின்சாரச் சக்கர நாற்காலிகளுக்கு இவ்வுரிமை சட்டமாயிற்று. நாற்காலி நின்றுவிட்டால் அதனை நம்பி வாழ்வோர் படுக்கையோடு கிடக்க நேரும். அத்தகையோர்க்கு, இன்னாரே திருத்தலாம் என்னும் விதி எத்துணைக் கொடிதென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கம்பெனியார் கூறுவன முற்றும் பொய்யல்ல. லித்தியம் மின்கலத்தைக் குத்திக் கிழித்தால் தீப்பற்றும். உறுப்புப் பிணைப்பு, திருடிய கைப்பேசியைப் பிரித்து விற்பதை அரிதாக்கும். பூட்டுத் திறந்தால் சிலர் புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகளை அகற்றவுங்கூடும். ஆயின் மின்கலம் அபாயகரமானதென்றால், அதனைக் கழற்றும் முறையை மறைத்தலோ விளக்கலோ எது தக்கது? மோட்டார் வண்டியின் தடையுறுப்பு உயிர்க்கே பொறுப்பானது. அதனை எண்ணிறந்த தனிப்பட்டறைகள் நாடோறும் திருத்துகின்றன. 2021 மே மாதத்தில் மேற்கூறிய வர்த்தக ஆணையத்தார் பாராளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், உற்பத்தியாளர் கூறிய காரணங்களுக்குச் சான்று மிகச் சொற்பமே என்றனர்.

பிற சட்டங்களைச் சுருங்கக் கூறுவோம். கலிபோர்னியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள மின்னணுப் பொருள்களுக்கு, உற்பத்தி நின்றபின் 7 ஆண்டுகள் உறுப்பும் கையேடும் தரவேண்டுமென்கின்றது. 2024-இல் ஆரிகன் மாநிலத்தார் உறுப்புப் பிணைப்பைத் தடுத்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தார் அவ்வாண்டிலேயே ஒரு கட்டளை பிறப்பித்து, 2026 ஜூலை 31 முதல் அது நடைமுறையாதற்கு நாள் குறித்தனர்.

நம் நாட்டில் மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வண்டி ஆகியவற்றை ஆராயப் பணித்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-இல் இதற்கென ஓர் இணையத்தளமும் திறக்கப்பட்டது. கம்பெனியார் தாமே தரும் விவரங்களை ஓரிடத்தே காட்டுவது அதன் பணி. தாராதாரைத் தருவிக்கும் ஆற்றல் ஓர் இணையத்தளத்துக்கு ஏது?

ஆயினும் நம்மவர் மறந்துவிட்ட தீர்ப்பொன்று உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையத்தார், உதிரி உறுப்புகளையும் பழுதறி கருவிகளையும் தனிப்பட்டறைகளுக்குக் கிடையாமற் செய்தனரென்று 14 மோட்டார் கம்பெனிகளுக்கு ரூ. 2,544 கோடி அபராதம் விதித்தனர். மேல்முறையீடுகள் எழுந்தன என்பது வேறு. வண்டியை வாங்கியபின் அதன் உறுப்பை வேறெங்கும் பெறவியலாதவாறு வாங்கியவனைக் கட்டிப்போடுதல் போட்டிச் சட்டத்துக்கு மாறு என்பதே அத்தீர்ப்பின் உயிர்நிலை. சென்னை ரிச்சித் தெருவில் கைப்பேசி திருத்தி வாழ்வோர்க்கும், நம் மாணவருட் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் விரிசல் விழுந்த கருவிகளுக்கும் அந்நியாயம் பொருந்துமா என்பதை இன்னும் எவரும் ஆணையத்தின் முன் முற்றும் வாதித்துப் பெறவில்லை. சட்டம் பயிலும் நம் பழைய மாணவர் அத்தீர்ப்பை எடுத்துப் படித்துப் பார்ப்பாராக.