இல்லத் தளிகைக் குறிப்பேடும் கைப்பேசியும்

எம்பெருமானுக்கு அமுது செய்வித்த பின்னரே உண்பது என்னும் நெறியில் நிற்கும் இல்லங்களில், சமையல் வயிற்றின் பொருட்டு மட்டும் நிகழும் செயலன்று; திருவாராதனத்தின் ஓர் அங்கமும் ஆகும். சின்னசேலத்தைச் சூழ்ந்த ஊர்களில் புரட்டாசிச் சனிக்கிழமை தளிகை போடும் குடும்பங்கள் பல. மாவிளக்கு, சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எள்ளோரை முதலியன அன்று பெருமாள் திருமுன் படைக்கப்படுகின்றன. நாள்தோறும் செய்யும் சமையல் எளிதில் மறப்பதில்லை. ஆண்டுக்கொரு முறை செய்யும் தளிகையோ, அதைச் செய்து வந்த கை ஓய்ந்ததும் மறைந்து போகிறது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழும் இக்காலத்தில், இல்லத்துச் சமையற் குறிப்புகளை முறைப்படி தொகுத்து வைப்பது இன்றியமையாத கடமையாகிறது. இதற்குக் கைப்பேசியும் கணினியும் நல்ல துணையாகும்.

முன்னோர் காட்டிய வழி

அளவை எழுதி வைத்துக் காப்பது நம் ஆலயங்கள் அறிந்த வழியே. திருமலைக் கல்வெட்டுகள் பலவற்றில், திருப்போனகத்துக்கும் அப்பத்துக்கும் அதிரசத்துக்கும் வேண்டிய அரிசி, நெய், மிளகு, உப்பு ஆகியவற்றின் அளவுகள் குறிக்கப்பட்டுள்ளன. காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கு நடந்த வேதக் கல்லூரி மாணாக்கர்க்கும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை நோயாளிகளுக்கும் உரிய செலவினங்களை அது வகுத்துரைக்கிறது. ஆட்கள் மாறினாலும் அளவு மாறலாகாது என்பதே இவற்றின் நோக்கம்.

இல்லத்துச் சமையலுக்கு இத்தொண்டினைச் செய்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். அவருடைய 'சமைத்துப் பார்' நூலின் முதற்பாகம் 1951ஆம் ஆண்டில் வெளிவந்தது. கைப்பக்குவம் என்று சொல்லி விட்டுவிடாமல், பொருள்களின் அளவையும் செய்முறையையும் வரிசைப்படுத்தி எழுதியமையால், அருகில் பெரியவர்கள் இல்லாத இளம் பெண்களுக்கு அந்நூல் வழிகாட்டியாயிற்று.

அளவே முதற்படி

பழைய குறிப்பேடுகளில் ஆழாக்கு, உழக்கு, படி, பலம் என்னும் அளவுகளே காணப்படும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் வந்த பின்னர், பழைய படி பரண் ஏறிவிட்டது.

ஆகவே பொதுவான வாய்பாட்டை மட்டும் நம்பாமல், அவ்வில்லத்தில் வழங்கிய படியையோ ஆழாக்கையோ தேடி எடுத்து, அதில் அரிசியை அளந்து தராசில் நிறுத்து, கிராம் கணக்கையும் குறித்தல் வேண்டும். பழைய அளவை நீக்கிவிடாமல் புதிய அளவை அதனருகே எழுதுவதே முறை. 'ஒரு கை', 'ஒரு சிட்டிகை' என்று பாட்டி சொல்வாராயின், அவர் கையால் எடுத்ததையே நிறுத்துப் பார்க்கலாம்.

பெயரும் வகையும்

திருமால் அடியார் இல்லங்களில் ரசம் சாற்றமுது எனப்படும். பாயசம் திருக்கண்ணமுது எனப்படும். தயிர்ச்சாதம் தத்தியோதனம் என்று வழங்கும். கைப்பேசியில் தேடும் பேரப்பிள்ளை எப்பெயரால் தேடுவான் என்று சொல்ல இயலாது. எனவே ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் இரு பெயர்களையும் எழுத வேண்டும். அதன் கீழ் எந்த நாளுக்குரியது, எத்தனை பேருக்கானது, யார் சொன்னது, எந்த ஆண்டில் எழுதியது என்னும் நான்கு செய்திகளையும் சேர்த்தால், நூறு குறிப்புகள் இருப்பினும் வேண்டியதை நொடியில் எடுக்கலாம்.

கல்வராயன் மலையடிவாரத்தில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் உண்டு வளர்ந்த குடும்பங்கள், எளிய உணவுதானே என்று அவற்றை விட்டுவிடலாகாது. எழுதப்படாதவையே முதலில் எழுதத் தக்கவை.

பதிவும் பாதுகாப்பும்

முதலில் பழைய குறிப்பேட்டின் பக்கங்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்து மங்கினும் முன்னோர் கையெழுத்து அதில் நிலைக்கும். பின்னர் ஒருங்குறி எழுத்தில் தட்டச்சு செய்தல் நன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்தவை, அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். சொல்லைத் தேடி எடுக்கவும் இயலாது. தட்டச்சு அறியாத பெரியோர் வாயால் சொல்ல, தமிழில் எழுதித் தரும் வசதி 2017 முதல் கூகுள் விசைப்பலகையில் உண்டு. எனினும் அது அளவையும் எண்ணையும் பிழைபட எழுதக்கூடும். ஆதலால் ஒருமுறை படித்துத் திருத்துதல் அவசியம்.

பாகின் பதத்தைச் சொல்லால் விளக்குவது அரிது. அதிரசப் பாகு நீரில் இட்டதும் கரையாமல் திரண்டு உருளுவதைச் சிறு காணொளியாகப் பதிந்தால், ஐயம் அகலும். உறவினர் தத்தம் இல்லத்து மாற்றங்களைச் சேர்க்க விரும்பினால், மூலக் குறிப்பைத் திருத்தாமல் அதன் கீழே தம் பெயருடன் எழுதுவார்களாக.

கைப்பேசி பழுதாகும், செயலிகள் தோன்றி மறையும். ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிக் காத்த முன்னோரைப் போல, தொகுப்பின் ஒரு படியைக் கைப்பேசியிலும், மற்றொன்றை இணையச் சேமிப்பிலும், மூன்றாவதை அச்சிட்ட தாளிலும் வைத்தல் வேண்டும். அத்தாள் சமையலறையில் இருக்கட்டும்.

கருவி எதுவாயினும், சொல்லித் தரும் பெரியவர் உடனிருக்கும்போதே பணி தொடங்க வேண்டும். அவர் கண்பார்வையில் ஒருமுறை இளையவர் செய்து பார்த்துச் சரியென்று ஒப்பிய குறிப்பே முழுமையானது. வரும் புரட்டாசிக்குள் ஒவ்வோர் இல்லமும் ஒரு தளிகையின் குறிப்பையேனும் இவ்வாறு எழுதி முடிக்க எம்பெருமான் திருவருள் கூட்டுவதாக.