அண்டகத்தில் முட்டையைக் காணோமே?

கேள்வி: நான் ப்ளஸ் டூ உயிரியல் மாணவி. வீட்டில் பட்டு நெசவு. பள்ளி ஆய்வகத்தில் பாலூட்டியின் அண்டக ஸ்லைடைப் பார்த்தேன். பெரிய கிராஃபியன் பாலிக்கிள் தெரிந்தது. அதற்குள் முட்டையைக் காணோம். பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் பாலிக்கிள்கள் வரிசையாகவும் இல்லை. ஸ்லைடு பழுதா? அந்த ஊதாவும் ரோஸும் உறுப்பின் சொந்த நிறமா?
– மாணவி, தேசூர்

பதில்: ஸ்லைடில் குறை இல்லை. நீங்கள் பார்த்தது முழு அண்டகம் அல்ல. அதிலிருந்து சீவி எடுத்த ஓர் ஏடு. அண்டகத்தை ஃபார்மலினில் பதப்படுத்தி, ஆல்கஹாலால் நீரை நீக்கி, பாரஃபின் மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் கருவியால் சீவுவார்கள். ஏட்டின் தடிமன் சுமார் 5 மைக்ரோமீட்டர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பாலிக்கிளை முழுக்கச் சீவினால் 200 ஏடுகள் கிடைக்கும். முட்டையின் அளவோ சுமார் 0.1 மில்லிமீட்டர். எனவே ஏறக்குறைய 20 ஏடுகளில்தான் அது தென்படும். உங்கள் ஸ்லைடில் இருப்பது மற்ற 180 ஏடுகளில் ஒன்று. நடுவில் வெறுமையாகத் தெரிவது பாலிக்கிள் திரவம் இருந்த இடம்.

முட்டை எளிதில் அகப்படாத பொருள்தான். ரெய்னியர் டி கிராஃப் 1672-ல் இந்தப் பாலிக்கிள் பைகளை விவரித்தபோது பையையே முட்டை என்று எண்ணினார். அதற்குள் இருக்கும் உண்மையான முட்டையை, நாயின் அண்டகத்தில், கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டது 1827-ல்.

புத்தகத்தில் பாலிக்கிள்கள் வட்டமாக வளர்ந்துகொண்டே போவது, வளர்ச்சிநிலைகளை ஒரே படத்தில் காட்டுவதற்காக. உண்மையில் எந்தப் பாலிக்கிளும் அப்படி அண்டகத்தைச் சுற்றி வருவதில்லை. வெவ்வேறு வயதுடையவை ஆங்காங்கே கலந்து கிடக்கும்.

நிறங்கள் உறுப்பினுடையவை அல்ல, சாயம்தான். உங்கள் வீட்டுத் தொழிலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. ஊதா தருவது ஹீமாடாக்சிலின். மத்திய அமெரிக்க லாக்வுட் மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது. ஐரோப்பியச் சாயக்காரர்கள் பட்டுக்கும் கம்பளிக்கும் கறுப்பேற்ற அதைப் பயன்படுத்தினார்கள். துணியில் சாயம் நிலைக்கப் படிகாரம் சேர்ப்பதுபோலவே, 1865-ல் போமர் என்பவர் ஹீமாடாக்சிலினுடன் படிகாரம் சேர்த்தார். உட்கருவில் நிறம் பளிச்சென்று பிடித்தது. ரோஸ் தருவது இயோசின் என்ற அமிலச் சாயம். பட்டு நூல் புரதம் என்பதால் அமிலச் சாயத்தை வாங்கிக்கொள்கிறது. செல்லின் சைட்டோபிளாசத்திலுள்ள புரதங்களும் அதே காரணத்தால் இயோசினை வாங்கிக்கொள்கின்றன.

அடுத்த முறை 10x லென்ஸில் தொடங்குங்கள். அண்டகத்தின் வெளி விளிம்பையொட்டி மெல்ல நகர்த்தினால், சிறு பாலிக்கிள்கள் கூட்டமாகத் தெரியும். ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்களுக்கு நடுவே, வெளிர் உட்கருவுடன் இருப்பதே இளம் முட்டைச் செல். சற்றுப் பெரிய பாலிக்கிள்களில் முட்டையைச் சுற்றி ரோஸ் வளையம் இருக்கும். அது சோனா பெலூசிடா. பிறகு 40x-க்கு மாறுங்கள். அப்போது பெரிய திருகைத் தொடாதீர்கள், லென்ஸ் மோதிக் கண்ணாடி உடைந்துவிடும். சிறிய திருகே போதும்.

ரெக்கார்டு நோட்டில் கண்ணில் பட்டதை மட்டும் வரையுங்கள். முட்டை தெரியாத பாலிக்கிளில் புத்தகத்தைப் பார்த்து முட்டை போட வேண்டாம். "இந்த வெட்டில் முட்டை இடம்பெறவில்லை" என்று பக்கத்தில் எழுதுங்கள். ஸ்லைடைப் படிக்கத் தெரிந்தவர் எழுதும் குறிப்பு அதுதான்.