பிக்கப் வண்டிகளின் முன் சக்கர உதறலும் அதன் காரணம் அறியும் விதமும்

(அரும்பாவூர் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

பெரம்பலூர் ஜில்லாவில் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி முதலியன பயிரிடும் குடியானவர்களில் அநேகர் இப்போது விளைபொருளைச் சொந்தப் பிக்கப் வண்டியிலேயே மார்க்கெட்டுக்குக் கொண்டு செல்கின்றனர். பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூரைச் சுற்றியுள்ள காடுகளுக்குப் போகும் பாதைகள் மேடு பள்ளமானவை. அடிப்பாகம் கல்லில் இடிபடாதிருக்கவும், பத்து மூட்டை அதிகமாய் ஏற்றவும் வேண்டி, ஸ்பிரிங்குகளில் கூடுதல் பட்டை சேர்த்து வண்டியை உயர்த்திக் கொள்ளுகிறார்கள். இவ்வாறு உயர்த்திய வண்டிகளில் சில, தார் ரோட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறிய மாத்திரத்தில், முன் சக்கரங்களை இடமும் வலமுமாய் உதறத் தொடங்குகின்றன. ஸ்டியரிங் கையில் நிற்பதில்லை. வேகம் வெகுவாய்க் குறைந்தாலன்றி உதறல் ஓய்வதுமில்லை.

சென்ற வெங்காய அறுவடையின்போது இப்படிப்பட்ட ஒரு வண்டியில், மூட்டைகளின் மேல் ஆறு பெண்கள் அமர்ந்திருக்க, நானும் முன்னால் உட்கார்ந்து வந்தேன். பாலத்தின் இணைப்பில் சக்கரம் ஏறியதும் உதறல் கண்டது. ஓட்டியவர் பிரேக்கை மிதித்து அழுத்தாமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, மெல்ல வேகம் தணித்தபடியால் அனைவரும் பிழைத்தோம். செய்யத்தக்கது அதுவே. மூட்டைமேல் ஆட்களை ஏற்றுதல் கூடாதென்பதையும் அன்று நேரில் கண்டேன்.

அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் அவ்வண்டிக்குப் புதிய ஸ்டியரிங் டேம்பர் போட்டிருந்தார்கள். போடும்படி யோசனை கூறியவனும் நானே. அந்த யோசனை தவறு. டேம்பர் என்பது உதறலை அடக்கும் கருவியேயன்றி அதன் காரணத்தை நீக்குவதன்று. தேய்ந்த இணைப்பு ஒன்று உள்ளே இருக்க, புதிய டேம்பர் சில வாரம் அதை மூடி வைக்கும். அதற்குள் அவ்விணைப்பு இன்னும் தேயும். மாட்டுவண்டிச் சக்கரம் ஆடினால் நம் பெரியோர் முதலில் அச்சையும் குடத்தையும் கடையாணியையும் அன்றோ பார்த்தார்கள்?

இங்கு கூறுவது ஜீப்பைப் போல இரு முன் சக்கரங்களும் ஒரே அச்சில் பிணைந்து, பட்டை ஸ்பிரிங்கின்மீது அமைந்த வண்டிகளைப் பற்றியதாகும். இவ்வமைப்பில் உதறல் மிகப் பழைய வியாதி. பிரான்சு தேசத்து இஞ்சினியர் ப்ரூலியே என்பவர் 1925 ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறொரு பக்கம் திரும்ப முயலும். அதுபோல, ஒரு சக்கரம் கல்லில் ஏறி அச்சு சாயும்போது, சுழன்று கொண்டிருக்கும் இரு சக்கரங்களும் பக்கவாட்டில் திரும்ப முயல்கின்றன. இணைப்புகள் இறுக்கமாயிருந்தால் அம்முயற்சி அங்கேயே அடங்கும். தளர்ந்திருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு அது வித்தாகிறது. 1934 முதல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன் சக்கரங்களைத் தனித்தனியே அமைத்ததற்கு இத்தொல்லையும் ஒரு காரணம்.

இனி, உயர்த்துவதால் நேரும் கெடுதி யாது? சைக்கிளின் முன் கவை சற்றுப் பின்சாய்வாக இருப்பதால், கையை விட்டாலும் சக்கரம் நேராகவே ஓட நாடுகிறது. வண்டியின் கிங் பின்னும் அவ்வாறே மேல்முனை பின்புறம் சாய்ந்திருக்க வேண்டும். இச்சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர். பெரும்பாலும் இது ஒரு சில பாகைகளே. நம்மவர்கள் மூட்டைப் பாரத்துக்காகப் பின் ஸ்பிரிங்கில் மட்டும் பட்டை சேர்க்கிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள வண்டியில், பின்பாகம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால், வண்டி முழுவதும் ஏறக்குறைய 2 பாகை முன்னோக்கிச் சாய்கிறது. காஸ்டரில் பெரும்பகுதி போயிற்று! காலி வண்டி உதறுகிறது, பாரம் ஏற்றினால் அடங்குகிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முன்பக்கம் பட்டை சேர்த்தாலும், நீளமான ஷேக்கிள் போட்டாலும், அச்சு திரும்பிக் காஸ்டர் மாறக்கூடும். அன்றியும் டிராக் லிங்க் சரிவாகி, ஸ்பிரிங் மேலும் கீழும் அசையுந்தோறும் சக்கரத்தை இழுக்கும்.

ஆயினும் காஸ்டரைத் தொடுமுன் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். இதற்கு இருவர் போதும், காசு செலவில்லை. வண்டியைச் சமதரையில், சக்கரங்கள் தரையிலேயே பதிந்திருக்க நிறுத்துக. பவர் ஸ்டியரிங் ஆயின் எஞ்சின் ஓடட்டும். ஆனால் கியர் நியூட்ரலிலும், கைப்பிரேக் இழுத்தும், பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தும் இருத்தல் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு விரைவாக அசைத்துக் கொண்டேயிருக்க, மற்றவர் டை ராடு முனைகள், டிராக் லிங்க், டிராப் ஆர்ம், ஸ்டியரிங் பெட்டியைச் சேஸிஸில் பிணைக்கும் போல்ட்டுகள், ஸ்பிரிங் புஷ் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்க் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் வர வேண்டும். ஓர் உறுப்பு அசைந்து, அதனோடு பிணைந்த உறுப்பு சற்றுத் தாமதித்து அசைந்தால் தளர்ச்சி அங்கேதான். மேற்சொன்ன வண்டியில் டிராக் லிங்கின் ஒரு முனையில் அது விரலுக்குத் தெளிவாய்த் தெரிந்தது. ஒர்க்ஷாப்பில் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தபோது அது தெரியவில்லையாம். பாரம் இல்லாத இணைப்பு தன் குறையை மறைத்துவிடும்.

பிறகே ஜாக்கி போட்டு, ஸ்டாண்டின்மீது வண்டியை நிறுத்தி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் காணப்பட்டால் ஒருவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிடில் கிங் பின் என்று கொள்க. சக்கரத்தைச் சுழற்றி, ஒரு சாக்குக்கட்டியை டயருக்கு அருகில் அசையாமல் பிடித்தால் ரிம்மின் கோணலும் டயரின் புடைப்பும் தெரியும். பள்ளத்தில் இறங்காமலே, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் லேசான நடுக்கம் கண்டு, அவ்வேகம் கடந்ததும் மறைந்தால், அது பெரும்பாலும் வீல் பேலன்ஸ் குறையே. அதற்குப் பயப்பட வேண்டுவதில்லை.

காஸ்டர் குறைந்திருப்பது அலைன்மென்ட் யந்திரத்தில் உறுதியானால், அச்சின்மேல் ஸ்பிரிங் அமர்ந்த வண்டிகளில், இரண்டுக்கும் நடுவே உலோக ஆப்பு ஒன்றைத் தடித்த முனை பின்புறமாக இருக்கும்படி வைத்துத் திருத்தலாம். மரத்துண்டு வைத்தல் தகாது. அது நசுங்கி யு போல்ட்டைத் தளர்த்தும். சாய்வை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினாலும் உதறல் வரும் என்பது அநேகர் அறியாதது. காஸ்டர் மாறியபின் டோ-இன்னையும் அளந்து, வண்டியின் கையேட்டில் கண்டபடி திருத்துக.

என் அபிப்பிராயத்தில், பின்பக்கம் சேர்த்த பட்டைகளைக் கழற்றிவிடுவதே பெரும்பாலோர்க்கு மிகவும் மலிவான வைத்தியம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதிலும் வழக்கு எழலாம். பட்டையைக் கழற்றி மாட்டிய பின்னர் முதல் நடை பாரம் இறக்கியவுடன் யு போல்ட் நட்டுகளைக் கையேட்டில் கண்ட அளவுக்கு மறுபடி முடுக்குக. புதிதாய்ச் சேர்ந்த பட்டைகள் படிந்து, அவை அநேகமாய்த் தளர்ந்தே இருக்கும்.